வேதாளம் ஏறிய மரம்



நேரம் குறைவு, ஒரே ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழ்க் கதையில் அது முருங்கை மரம். ஏன்?

படவேட்டில் எங்கள் தறிவீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. "டேய், அதுல ஏறாதே, வேதாளம் இருக்கு" என்பாள் பாட்டி. ஏறினேன். கிளை மளுக்கென்று முறிந்தது, என் கையும்தான்! வலுவில்லாத மரம் அது. சிம்சபாவை எந்தப் பாட்டி கண்டாள்? பிள்ளைகள் ஏறிவிழக்கூடிய மரமாகப் பார்த்து வேதாளத்தைக் குடிவைத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே ஊரில் ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டு வேப்பிலை ஆடை உடுத்துகிறோம். வேம்பு அம்மன் மரம். அதில் எனக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுத்ததும் அந்தப் பாட்டிதான்.