கடலடியில் ஒரு மேய்ச்சல் நிலம்

விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே,

உங்களில் பலருக்கு வயது இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும். அதற்கு மேல் ஐந்தாறு ஆண்டு கூடினால் 27. ஓர் உயிரினம் உலகத்தை விட்டே போக அவ்வளவு காலம் போதுமாயிருந்தது. 1741-இல் பேரிங் கடல் தீவொன்றில் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்களில் கியோர்க் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் ஒருவர். கரையோரம் பாசி மேய்ந்துகொண்டிருந்த ராட்சதக் கடற்பசுக்களைப் பார்த்து விரிவாக எழுதிவைத்தார். பின்னால் மென்மயிர்த் தோலுக்காக அந்தப் பக்கம் போன வேட்டைக்காரர்கள் வழிச் சாப்பாட்டுக்கு அவற்றை அடித்தார்கள். 1768-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அதன் பங்காளி ஒன்று நம் பாக் விரிகுடாவில் இன்னும் மேய்கிறது. புத்தகத்தில் அதன் பெயர் கடற்பசு, கரையில் ஆவுளியா. எழுபது வயது வரை வாழக்கூடியது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். இப்படிப்பட்ட கணக்கில் ஒரு தாயை இழந்தால் ஈடுகட்டப் பல காலம் பிடிக்கும். மீனைப் போல நீருக்குள்ளேயே மூச்சுவிடவும் அதற்கு வராது. சில நிமிடத்துக்கொரு முறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும்.

இந்த விலங்கு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் சிறை. நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் கடலில் எப்படி ஒலிக்கிறது என்பதைச் சேதுபாவாசத்திரம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். "வலைய அறுத்தா பொழப்பு போச்சு சார். இழுத்துக்கிட்டு கரைக்கு வந்தா கேஸு. செத்ததப் பேசாம கடல்லயே தள்ளிட்டு வந்துட்டா யாருக்குத் தெரியும்?" முப்பது வருடம் படித்துவிட்டு நான் அன்றைக்குத்தான் பாடம் கேட்டேன். பயம் மட்டும் இருக்கிற இடத்தில் செத்த விலங்கு கணக்கிலேயே வராது.

பிறகு மாற்றம் வந்தது. உயிரோடு விடுவித்தவருக்குக் கரையில் ஊர் கூடிப் பொன்னாடை, வெகுமதி. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆவுளியாவின் பெயரிலேயே கல்வி உதவித்தொகை. அந்தப் பணத்தில் படித்தவர் யாராவது இந்த அரங்கில் இருந்தாலும் வியப்பில்லை. வலையை அறுக்கிறவர்கள் இப்போது கைபேசியில் படம் பிடித்தே அனுப்புகிறார்கள்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. அங்கே உண்மையில் காக்கப்படுவது எது என்று கேட்டால், நான் புல் என்பேன். பெரிய ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் தின்னும். அது பாசி இல்லை. வேர் உண்டு, பூ உண்டு, காய் உண்டு. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்வது அதற்குள்ளேதான். இழுவைமடி போகிற வழியில் அது வேரோடு பெயர்ந்து வரும். நீர் கலங்கி வெளிச்சம் போகாவிட்டாலும் மெலிந்து சாகும். மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி, புல் நாற்றுகளை அதில் முடிந்து கடலடியில் இறக்கி மறுபடி வளர்க்கிறார்கள். ஒரு மடி ஒரே இழுப்பில் வாரிக்கொண்டு போவதை இப்படி முடிச்சு முடிச்சாகத் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது.

மலையிலும் இதே கதைதான். நீலகிரியின் புல்வெளியை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வீண் நிலமாகப் பார்த்தார்கள். சீகையும் தைலமரமும் நட்டார்கள். 'காடு வளர்த்தோம்' என்று பெருமையும் பட்டார்கள். அந்தப் புல்வெளியில் மேயும் வரையாட்டுக்கு மரம் எதற்கு? அதற்கு வேண்டியது பாறையும் புல்லும். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். நம் மாநில விலங்கின் இங்குள்ள மொத்தத் தொகை ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களில் சிலர் நாளைக்கு அரசு அலுவலகத்தில் இருப்பீர்கள், சிலர் துறைமுகம் கட்டும் கம்பெனியில் இருப்பீர்கள். சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று மேசைக்கு வரும். அதில் 'நிலத்தின் தற்போதைய பயன்பாடு' என்று ஒரு கட்டம். முன்னால் இருந்தவர் 'தரிசு' என்றோ 'ஏதுமில்லை' என்றோ நிரப்பியிருப்பார். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை அந்த இடத்துக்குப் போய் வாருங்கள். பயணப்படி கிடைக்காது, எனக்கும் பல தடவை கிடைத்ததில்லை.

முதலில் மனோராவுக்குப் போங்கள். நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி மன்னர் கட்டிய கோபுரம் அது. தஞ்சாவூர்க் கரையில் எதற்கு என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. கோபுரத்தைப் பார்த்துவிட்டு, நீர் வற்றும் நேரத்தில் கடலுக்குள் நடந்தால் காலில் புல் தட்டும். எனக்குப் பாடம் சொன்ன படகுக்காரர் அந்தப் பக்கம்தான் வலை பின்னிக்கொண்டிருப்பார். சில வருடம் கழித்து அவரும் வலையை அறுத்தார். கேட்டால் கைபேசியில் வீடியோவைக் காட்டுவார். பெரிதாக ஒன்றும் தெரியாது. கலங்கிய தண்ணீர், ஒரு முதுகு, அவருடைய கூச்சல். அப்புறம் வெறும் கடல்.