இடைமுக விதியும் இருதரப்புச் சோதனையும்

(மும்பை செம்பூரை அடுத்த திலக் நகரில் மாணவர்கள், அலுவலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திலக் நகர்க் கடைத்தெருவில் காய்கறி வாங்கும் ஒருவர் கைப்பேசி வழியே இருபது ரூபாய் செலுத்துகிறார். சில நொடிகளில் முடியும் இச்செயலில் அவருடைய செயலியும், அவரது வங்கியும், கடைக்காரரின் வங்கியும் பங்கு கொள்கின்றன. இவற்றுக்கு நடுவே, நம் நகரின் பாந்திரா-குர்லா வளாகத்தைத் தலைமையிடமாகக் கொண்ட என்.பி.சி.ஐ. கழகத்தின் மைய அமைப்பு நிற்கிறது. வெவ்வேறு நிறுவனத்தார் வெவ்வேறு கணினி மொழிகளில் அமைத்தவை இவை. ஆயினும் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன. எழுதி வைக்கப்பட்ட இடைமுக விதியே அதற்குக் காரணம்.

2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில், செய்தி எந்த வடிவில் அமைய வேண்டும், எந்தெந்த விவரங்கள் கட்டாயம், மின் கையொப்பம் எவ்வாறு இடப்பட வேண்டும் என்பன வரையறுக்கப்பட்டுள்ளன. கோரிக்கை வந்தவுடன் ‘பெற்றுக்கொண்டோம்’ என்னும் ஒப்புகை செல்லும்; முடிவான விடை பின்னர்த் தனியே வரும். ஒரு நிரலாளர் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நேரும்? ஒப்புகையை விடையென்று கருதினால், பணம் சேருமுன்னரே பொருள் கைமாறும். விடை வரத் தாமதமாவதைத் தோல்வியென்று கருதினால், வாங்குபவர் இருமுறை பணம் செலுத்த நேரிடும்.

இழப்பு யாருக்கு?

ஒருவர் கணக்கில் கழிக்கப்பட்ட பணம் உரியவர் கணக்கில் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு வழங்க வேண்டும் என்று 2019 செப்டம்பர் 20ஆம் நாள் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விடுத்தது. இது தேவையான பாதுகாப்பே. எனினும் அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு ஒரு நாள் தாமதமும் பெருந்தாமதம். ஆகவே பிழை நேர்ந்தபின் ஈடு செய்வதினும், நேருமுன் தடுப்பதே சிறந்தது.

நடுவே நிற்கும் சோதனையாளர்

இரு அமைப்புகளுக்கிடையே பிழை நேரும்போது, ‘குற்றம் எங்களுடையதன்று’ என்று இருதரப்பாரும் கூறுவது வழக்கம். அங்காடியில் எழும் எடைத் தகராறை முத்திரையிட்ட எடைக்கல் தீர்ப்பதுபோல, இதனைத் தீர்க்கவும் ஒரு பொது அளவுகோல் வேண்டும்.

பைத்தான் மொழியில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இணைய வழங்கியும் பயன்பாட்டு நிரலும் பேசிக்கொள்ளும் முறையை ‘டபிள்யூ.எஸ்.ஜி.ஐ.’ என்னும் விதி 2003இல் வரையறுத்தது. 2010இல் அது திருத்தப்பட்டது. 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 பதிப்பிலேயே, இவ்விதியைச் சரிபார்க்கும் கருவியும் சேர்க்கப்பட்டது.

இக்கருவி இரண்டுக்கும் நடுவே அமர்கிறது. வழங்கிக்கு அது ஒரு பயன்பாட்டு நிரல்போலத் தோன்றும். பயன்பாட்டு நிரலுக்கோ வழங்கிபோலத் தோன்றும். வழங்கி தரவேண்டிய விவரங்கள் யாவும் உள்ளனவா என்று பார்க்கிறது. நிரல் தரும் நிலைக் குறியீடு மூன்று இலக்க எண்ணுடன் தொடங்குகிறதா, தலைப்பு விவரங்கள் உரிய வடிவில் உள்ளனவா என்றும் பார்க்கிறது. விதி மீறப்பட்டால், மீறிய இடத்திலேயே பிழையை அறிவித்து நிறுத்திவிடுகிறது. எத்தரப்பின் மீது குறை என்பது அப்போதே தெளிவாகிறது.

‘வருவதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாமே’ என்று சிலர் கேட்கலாம். அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டுமென்று 1980இல் ஜான் போஸ்டெல் வகுத்த நெறி இணையத்தின் வளர்ச்சிக்கு உதவியது உண்மையே. ஆனால் பொறுத்துக்கொள்ளப்படும் பிழை காலப்போக்கில் வழக்கமாகிவிடும். பின்வருவோர் அப்பிழையையும் பின்பற்ற வேண்டிவரும். இணையக் கட்டமைப்பு வாரியம் 2023இல் வெளியிட்ட ஆவணமும் இவ்வபாயத்தை எடுத்துக்காட்டியுள்ளது.

சரிபார்ப்பின் எல்லை

இக்கருவிக்கும் எல்லை உண்டு. அது பிழை கூறினால், ஏதோ ஒரு தரப்பு விதியை மீறியது ஏறத்தாழ உறுதி. பிழை கூறாததனால் மட்டும் யாவும் சரியென்று முடிவு செய்துவிட இயலாது. தொகை என்னும் இடத்தில் எண் உள்ளதா என்று நிரல் பார்க்கும். அது கொடுக்கவேண்டிய தொகைதானா என்பதை அறியாது. வடிவத்தைச் சோதிப்பது கருவியின் பணி. பொருளைச் சோதிப்பது மனிதரின் பொறுப்பு.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கணக்குத் திரட்டு நிறுவனங்களின் வழியே நிதி விவரங்களைப் பகிரும் முறைக்கு, ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான ‘ரெபிட்’ வகுத்த தொழில்நுட்ப விதிகள் 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இத்தகைய விதிகள் அரசுத் துறைகளிலும் பெருகி வருகின்றன. விதியை வெளியிடுவதுடன் பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது. சரிபார்க்கும் நிரலையும் உடன் வெளியிடுதல் வேண்டும்; ஒப்பந்தப்புள்ளியிலேயே அச்சோதனையில் தேறுவதை நிபந்தனையாக்குதல் வேண்டும்; விதி திருத்தப்படும்போதெல்லாம் மீண்டும் சோதித்தல் வேண்டும். தனித்தன்மை வாய்ந்த பெருநிறுவனங்களுக்கு மட்டுமன்றி, இரண்டு மூன்று இளைஞர்கள் கூடி நடத்தும் சிறு நிறுவனத்துக்கும் சோதனைக்கருவி இலவசமாகக் கிடைத்தால், அவர்களும் சம நிலையில் போட்டியிட இயலும்.

மாணவர்களே, நிரல் எழுதத் தொடங்குமுன் விதியைப் படியுங்கள். எழுதும்போதே அதனைச் சோதியுங்கள். உங்கள் நிரலின் மறுமுனையில் இருப்பது இன்னொரு கணினி மட்டுமன்று. தம் பணம் போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்கும் ஒரு மனிதரும் அங்கே இருக்கிறார்.