குழந்தைகள் தினந்தோறும் பாடசாலைக்குச் செல்லவேண்டியதன் அவசியம்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் கிராம நாணயச் சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடன் வசூலைப் பற்றிப் பேசவேண்டியவன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சங்கத்தின் கடன் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இடதுகைப் பெருவிரல் ரேகையே இருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்த ரேகைகளை வைத்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூட வாசலை மிதியாதவர்கள் அல்லர். இரண்டு வருஷம், மூன்று வருஷம் சென்றவர்களும் அவர்களில் உண்டு. விசாரித்தால், "போனேன் ஐயா, காட்டில் வேலையில்லாத நாட்களில் போனேன்" என்று சொல்லுகிறார்கள்.

இது புதிய வியாதியன்று. ஸர் பிலிப் ஹார்டாக் என்பவரைத் தலைவராகக் கொண்ட கமிட்டி 1929-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில், பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-ல் முதல் வகுப்பிலிருந்த ஒவ்வொரு 100 பிள்ளைகளுக்கும் 1925-26-ல் நான்காம் வகுப்பில் 18 பேரே இருந்தனர் என்று கணக்குக் காட்டிற்று. மற்றவர்களுக்காகச் செலவிட்ட பணமும் உழைப்பும் பெரும்பாலும் விரயமாயின என்பது அக்கமிட்டியின் அபிப்பிராயம்.

அக்காலம் போய்விட்டது. 2009-ல் இயற்றப்பட்டு 1-4-2010 முதல் அமுலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பது சர்க்காரின் கடமை. நம் கிராமங்களில் இன்று பெயர் பதியாத குழந்தையைக் காண்பது அரிது. ஆனால் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை ஆட்டின் பின்னால் இருக்கிறது. அங்கத்தினராகப் பெயர் கொடுத்துவிட்டுப் பங்குத் தொகை செலுத்தாதவருக்குச் சங்கத்தில் என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும்.

கணக்காகவே பார்ப்போம். ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்திற்கு 200 நாட்களாவது பாடசாலை நடக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. வாரத்திற்கு ஐந்து நாளானால் 40 வாரம். வாரம் ஒரு நாள் சந்தைக்கோ மேய்ச்சலுக்கோ பிள்ளையை நிறுத்தினால் வருஷத்தில் 40 நாள் போயிற்று. ஐந்து வருஷத்தில் 200 நாள், அதாவது ஒரு முழு வருஷப் படிப்பு. இரண்டு நாள் நிறுத்துகிறவர் இரண்டு வருஷத்தை இழக்கிறார்.

நஷ்டம் இவ்வளவோடு நின்றாலும் பாதகமில்லை. படிப்பு நெல் மூட்டையைப் போன்றதன்று, ஒரு மூட்டை குறைந்தால் மற்றவை அப்படியே இருப்பதற்கு. ஒற்றைக் கொம்பு கற்பிக்கும் வாரத்தில் வாராத குழந்தைக்குக் 'கெ' தெரியாது. கொம்பும் காலும் சேர்ந்து வருவதே 'கொ' ஆகையால், பிறகு அதைக் கற்பிக்கும்போது அக்குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருந்தும் விழிக்கும். கணக்கிலும் அப்படியே. கடன் வாங்கிக் கழித்தல் என்று ஒன்று உண்டு. (நமது சங்கத்தில் எல்லோருக்கும் கடன் வாங்கத் தெரியும், கழிக்கத் தெரிந்தவர்தான் குறைவு.) அதைத் தவறவிட்ட பிள்ளைக்கு வகுத்தல் வாராது, வகுத்தல் வாராத பிள்ளைக்கு வட்டிக் கணக்கு வாராது. உபாத்தியாயர் முப்பது குழந்தைகளை நிறுத்திவைத்து ஒருவனுக்காகத் திரும்பிச் செல்வது எப்போதும் சாத்தியமன்று. புரியாத இடத்தில் தினந்தோறும் உட்கார எந்தக் குழந்தையும் விரும்பாது. முதலில் பெற்றோர் நிறுத்துகிறார்கள். பின்னர் பிள்ளையே நின்றுவிடுகிறது. "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லுகிறோம்.

தொற்று நோயினால் 2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட நமது பாடசாலைகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கு 1-11-2021-ல்தான் திறக்கப்பட்டன. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் எழுத்தையே மறந்து வந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அது யார் குற்றமும் அன்று. ஆனால் அறுவடைக்கு ஒரு மாதம், திருவிழாவுக்கு ஒரு வாரம், உறவினர் கலியாணத்துக்கு நான்கு நாள் என்று நாமாகவே மூடுகிறோமே, அதற்கு என்ன சொல்லுவது? ஜுரம் வந்த குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வது நியாயம். கலியாணத்திற்குப் போக ஒரு நாள் போதும் என்பதே என் அபிப்பிராயம்.

பசி என்ற காரணமும் முன்போல் இல்லை. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-ல் காமராஜர் காலத்தில் மாகாணமெங்கும் பரவத் தொடங்கி, 1982-ல் சத்துணவாக விரிந்தது. 15-9-2022 முதல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் உண்டு. "சோற்றுக்காகப் போகிறார்கள்" என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். எதற்காகப் போனாலும் போகட்டும். போன பிள்ளை படிக்கும்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் எட்டு வயதுப் பெண்ணை ஒவ்வொரு கிராமத்திலும் காண்கிறேன். கடலை பறிக்கப் போகும் தாய்க்கு வேறு வழியில்லை என்பதை அறிவேன். இரண்டு வயது கடந்த குழந்தையை அங்கன்வாடியில் விடலாம். அதற்கும் சிறிய குழந்தையாயின், நாலைந்து வீட்டுத் தாய்மார் சேர்ந்து, வேலைக்குப் போகாத ஒரு பாட்டியம்மாளிடம் கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். கூட்டுறவு என்பது கடனுக்கு மட்டும்தானா?

நான் முன்பு வேலைபார்த்த ஒரு தாலுகாவில், தணிக்கையின்போது ஓர் அங்கத்தினர் தம் பாஸ் புத்தகத்தை நான்காம் வகுப்புப் படிக்கும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவர் செலுத்தியதாகச் சொன்ன இரண்டு தவணைகளில் ஒன்றுதான் பதிவாகியிருந்தது. அப்பெண் அதைச் சொல்லியிராவிட்டால் அவர் அத்தொகையை மறுபடியும் கட்டியிருப்பார்.

1920-களில் பஞ்சாபில் கட்டாயக் கல்விக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று சில இருந்தன. அங்கத்தினர்கள் தங்கள் பிள்ளைகளை ஆரம்பப் படிப்பு முடியும்வரை நிறுத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், மீறினால் அபராதம். அபராதம் விதிக்க நமது சங்கத்திற்கு அதிகாரமில்லை, எனக்கு அதில் விருப்பமும் இல்லை. ஆயினும் சட்டப்படி ஏற்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே, சரிபாதியினர் பெண்கள். ஆஜர்ப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் கேட்டால் யாரும் மறுக்க முடியாது.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்திற்குத் தலைமை உபாத்தியாயரை அழைக்குமாறு காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். தவணை தவறியோர் ஜாபிதாவை வாசித்து முடித்தவுடன், ஒவ்வொருவரும் தம் குழந்தை இம்மாதம் எத்தனை நாள் ஆஜர் என்பதைத் தாமே எழுந்து சொல்லவேண்டும். எண்ணிக்கொண்டு வாருங்கள்.