பூட்டிய கோப்பும் மறவாத களஞ்சியமும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழருள் கணினித் தொழில் புரிவோர் பலர். அவர்களுக்குக் ‘கிட்’ என்னும் பெயர் புதிதன்று. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலைப் பேணும் பொருட்டு, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் ஆக்கிய கருவி அது. ஒரு கோப்பு காலந்தோறும் அடைந்த திருத்தங்களை எல்லாம் அது காத்து வைக்கின்றது. பணியில் பங்குகொள்வோர் கணினி ஒவ்வொன்றிலும் அவ்வரலாற்றின் படி ஒன்று தங்குகின்றது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் நகரத் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரை நண்பர் நால்வரோடு இம்முறையில்தான் தொகுத்தோம். ஒருநாள் உறுப்பினர் முகவரிப் பட்டியலையும் அதே களஞ்சியத்தில் இட்டுவிட்டோம். பிழையென உணர்ந்து மறுநாளே நீக்கினோம். நீங்கியது என்றும் நம்பினோம். சில வாரங்கள் கழித்து இளைஞர் ஒருவர் பழைய பதிப்பைத் திறந்து காட்டினார். வீட்டு எண்களும் தொலைபேசி எண்களும் அப்படியே இருந்தன! மறவாமையே தொழிலாகக் கொண்ட கருவியிடம் மறதியை எதிர்பார்த்தது நம் பேதைமை.

ஆகவே, மறைக்க வேண்டியதைக் களஞ்சியத்தில் இடுமுன்னரே மறையாக்கம் செய்தல் வேண்டும். ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. ‘ஜிபிஜி’ போன்ற கருவியால் ஒரே கோப்பை இருமுறை பூட்டினால், இருமுறையும் வெவ்வேறு உருவம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் புதியதொரு சாவியை அது தற்செயலாக ஆக்கிக்கொள்வதே காரணம். ஓரெழுத்தைத் திருத்தினாலும் கோப்பு முழுவதும் மாறிவிடும். எந்த வரி மாறியது என்று கிட் காட்ட இயலாது. வேறுபாட்டை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தவும் இயலாது.

இதற்கு எழுந்த வழிகளுள் ஒன்று ‘கிட்-கிரிப்ட்’. நாம் குறித்த கோப்புகளை அது களஞ்சியத்தில் இடும்போது பூட்டி, எடுக்கும்போது திறந்து தருகின்றது. உள்ளடக்கமும் சாவியும் மாறாதவரை பூட்டிய உருவமும் மாறாது; எனவே, மாறாத கோப்பை மாறாததென்றே கிட் அறியும். ஆயினும் கோப்பின் பெயரையும் திருத்தக் குறிப்பையும் அது மறைப்பதில்லை. மற்றொன்று ‘சாப்ஸ்’. அது இனங்களின் பெயர்களைத் திறந்து வைத்து மதிப்புகளை மட்டும் பூட்டும். ஆதலின் எந்த இனம் மாறியதென்பது எளிதில் புலப்படும்.

எவ்வழியாயினும் சாவியே உயிர். அதனை அதே களஞ்சியத்தில் வைத்தல், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதை ஒக்கும். சாவி பெற்ற ஒருவர் பின்னர் விலகினாலும், அவரிடமுள்ள பழைய படிகளை நாம் மீண்டும் பூட்ட முடியாது.

கடவுச்சொல் வெளிப்பட்டால் உடனே மாற்றிவிடலாம். அயலூரில் குடியிருக்கும் குடும்பம் தன் வீட்டை அவ்வாறு மாற்ற இயலுமா? நாம் வரலாற்றைத் திருத்தி எழுதினோம். நண்பர் நால்வரும் தம் படிகளை அழித்தனர். உறுப்பினர்களிடம் உண்மையைக் கூறி மன்னிப்பும் கேட்டோம். மலருக்கு அப்பட்டியல் தேவையே இல்லை என்பதை அதன் பின்னரே உணர்ந்தோம். ஒரு கோப்பை எவ்வாறு பூட்டுவது என்று ஆராயுமுன், அதனை அங்கு இடத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நலம்.