காத்திருக்க முடிந்தவரின் விலை

பிள்ளை மேடையேறுவதைப் பார்ப்பதற்காக இன்றைய நாட்சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, பட்டம் பெறும் பிள்ளைகளே!

இந்த மாதிரி மேடைகளில் சிறகு, வானம், கனவு என்று பேசுவதுதான் வழக்கம். நான் பொருளியல் படிப்பிக்கிறவள். எனக்கு விலையைப் பற்றித்தான் பேசத் தெரியும். இந்தத் தேயிலை மலையில், பொகவந்தலாவையில் நின்று விலையைப் பேசினால் தேயிலையைத்தான் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன், ஒப்பிட்டுப் பார்க்க, நிக்கல் என்ற உலோகத்தைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் பிளேன்டி குடித்த எவர்சில்வர் கோப்பை நல்ல ரகமென்றால் அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல் இருக்கும். உலகத்து நிக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தத் துருப்பிடிக்காத உருக்குக்குத்தான் போகிறது. மின்சாரக் கார்களின் பற்றரிக்கும் ஒரு பங்கு போகிறது. நிக்கலின் விலை இலண்டன் உலோகச் சந்தையில் தீர்மானமாகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு தொன் 30,000 டொலருக்குக் கீழே இருந்தது. மார்ச் 8 அன்று அது 100,000 டொலரைத் தாண்டியது.

பூமிக்குள் இருந்த நிக்கல் அந்த நாலைந்து நாளில் குறைந்துவிடவில்லை. உக்ரேன் மீது படையெடுத்த ரஷ்யா நிக்கல் விற்கும் பெரிய நாடுகளில் ஒன்று. அந்தச் சரக்கு வராமல் போகுமோ என்ற பயம் ஒரு பக்கம். மறுபக்கம், உலகிலேயே அதிகம் நிக்கல் எடுக்கும் சீனக் கம்பனியான சிங்ஷான், விலை இறங்கும் என்று எண்ணிப் பெருந்தொகைச் சரக்கை முன்கூட்டியே விற்று வைத்திருந்தது. விலை ஏற ஏற, விற்றதைத் திருப்பி வாங்கியே தீரவேண்டிய நெருக்கடி. அவர்கள் உருக்கும் நிக்கலோ தரம் குறைந்த வகை. சந்தை ஏற்றுக்கொள்ளும் சுத்தமான தகடு அல்ல. உலகத்துக்கே நிக்கல் கொடுப்பவர், கொடுக்க நிக்கல் இல்லாமல் நின்றார்!

சந்தை என்ன செய்தது? வியாபாரத்தை நிறுத்தியது. அன்றைக்கு நடந்த கொடுக்கல் வாங்கல் அத்தனையையும் இரத்துச் செய்தது. இலாபத்தை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். இங்கிலாந்து நீதிமன்றங்கள் சந்தையின் பக்கமே தீர்ப்பளித்தன. 2023 இல் ரொட்டர்டாமில் அந்தச் சந்தையின் அங்கீகாரம் பெற்ற களஞ்சியத்தில் நிக்கல் மூட்டைகளைத் திறந்து பார்த்தால் உள்ளே கல். சந்தையின் கணக்கில் மட்டும் அது நிக்கலாகவே இருந்திருக்கிறது.

நடந்த வியாபாரத்தைக் கொழும்புத் தேயிலை ஏலத்தில் இப்படி இரத்துச் செய்வதை நினைத்துப் பாருங்கள். 1883 ஜூலை 30 இல் தொடங்கிய ஏலம் அது. விலை விழுந்த எத்தனையோ கிழமைகளைக் கண்டிருக்கிறது. தோட்டத்துக்கு நட்டம் என்பதற்காக எந்தக் கிழமை ஏலத்தையாவது இரத்துச் செய்தார்களா?

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. நிக்கல் தகடு எங்கே உருக்கினாலும் ஒன்றுதான். பத்து வருடம் களஞ்சியத்தில் கிடந்தாலும் கெடாது. அதனால் விலை பிடிக்கவில்லையென்றால் வைத்திருக்கலாம். கண்ணால் பாராமலே வாங்கலாம், விற்கலாம். தேயிலை அப்படியல்ல. மலையில் எடுத்த கொழுந்தை அன்றைக்கே வாட்டப் போட்டாக வேண்டும். விடிவதற்குள் பெக்டரி அரைத்துவிட வேண்டும். தூளாகிப் பெட்டியில் அடைத்த பிறகும் மாதங்கள் போகப் போக மணம் இறங்கும். ஒரு தோட்டத்துத் தூள் இன்னொரு தோட்டத்துத் தூள் ஆகாது; ஒரே தோட்டத்தில்கூடப் போன கிழமைத் தூளும் இந்தக் கிழமைத் தூளும் ஒன்றல்ல. ஒவ்வொரு தொகுதியையும் ஒருவர் வாயில் வைத்துச் சுவைத்துத்தான் மதிப்பிடுகிறார். காத்திருக்க முடியாத சரக்கை வைத்திருப்பவர் விலை சொல்வதில்லை, கேட்டுக்கொள்கிறார். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது கூடை சுமக்கும் உங்கள் அம்மா.

நம்முடைய தூள் உயரத்தில் விளைவது, ஆகவே விலையும் உயர்ந்தது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கொரு பெருமை. ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த குளிர்காற்று வீசும் பருவத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் தேநீருக்கு ஈடு இல்லைதான். ஆனால் ஏலக் கணக்கைப் பாருங்கள்: பல வருடங்களாகத் தாழ்நிலத் தேயிலையின் சராசரி விலையே மேலே நிற்கிறது. ஈராக், துருக்கி போன்ற நாடுகளின் வாய்க்கு அந்தக் கறுத்த, கனத்த சாயம்தான் பிடித்திருக்கிறது. வாங்குகிறவரின் நாக்கு நம் மலையின் உயரத்தை அளப்பதில்லை.

வாங்குகிறவர் கை எவ்வளவு பலமானது என்பதற்கு ஒரு வண்டுக் கதையும் உண்டு. 2017 டிசம்பரில் நமது தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. அப்போது இலங்கை அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைத் தடைசெய்ய இருந்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு அதிகம் விற்றது ரஷ்யா. நம் அரசு அந்தத் தடையைத் தள்ளிவைத்தது; தேயிலைத் தடையும் நீங்கியது. வண்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில், விற்கிறவர் கை பலமானதற்கு உதாரணம் இந்தோனேசியா. 2020 ஜனவரி முதல் நிக்கல் தாதுவை மண்ணாக ஏற்றமாட்டோம், வேண்டுமானால் இங்கேயே உருக்காலை கட்டுங்கள் என்றது. சீனப் பணம் சுலவேசித் தீவில் வந்து இறங்கியது. இன்று உலகத்து நிக்கலில் பாதிக்கு மேல் அந்த நாட்டிலிருந்து வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரக்குப் பெருகி விலை சரிந்தது. அவுஸ்திரேலியாவிலும் நியூ கலிடோனியாவிலும் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2023 டிசம்பரில் அதே சுலவேசியின் மொரோவாலி உருக்காலை வெடிப்பில் இருபது தொழிலாளருக்கு மேல் மாண்டார்கள். நாட்டின் கை பலமானதால் மட்டும் உழைக்கிறவர் கை பலமாகிவிடாது.

இனி நம் கணக்கு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே நாளில் நிறுத்தியது. அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. ரூபாவும் விழுந்தது: டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. ஆகவே ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி ரூபா விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம்? 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆகும்வரை அப்படியே நின்றது. வந்தபோது அது ஐந்து டொலர்; 2022 நடுப்பகுதியில் மூன்று டொலர்கூட இல்லை. உரவிலை, எரிபொருள் விலை ஏறியதென்று கம்பனிகள் சொல்வது பொய்யல்ல. விற்ற விலையும் ஏறியது என்பதும் பொய்யல்ல. இரண்டாவதை எண்ணோடு எடுத்துச்சொல்ல சம்பளப் பேச்சு மேசையின் நம் பக்கத்தில் ஆள் போதவில்லை.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாழ்நிலத்துச் சிறுதோட்டக்காரர் பெக்டரிக்குக் கொழுந்து கொடுத்தால், தூள் விற்ற சராசரி விலையில் 68 வீதம் அவருக்கு என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏலத்தில் விலை ஏறினால் அந்த மாதமே அவருக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பனித் தோட்டத்துத் தொழிலாளிக்கு இறங்காத ஒரு நாட்சம்பளம் உண்டு. அது தேவை, அதை விடக்கூடாது. ஆனால் அதற்கு மேலே, விலை ஏறும்போது தானாக ஏறும் பங்கு ஒன்று ஏன் இருக்கக்கூடாது? வருடக்கணக்கில், வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில் நின்று கத்தி, வர்த்தமானி வரும்வரை காத்திருந்து வாங்குவதைவிட அது நியாயம் என்பது என் கருத்து.

தேயிலைத் தரகர்கள் கிழமைதோறும் விலை அறிக்கை வெளியிடுகிறார்கள். தோட்டங்களின் பெயரோடு விலைகளும் அதில் வருகின்றன. கையிலிருக்கும் தொலைபேசியிலேயே படிக்கலாம். கொழும்புக்கு வேலைக்குப் போங்கள், வெளிநாடு போங்கள். போகவேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் உங்கள் தோட்டத்தின் விலையை இந்தக் கிழமையிலிருந்து எழுதி வையுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கும்போது அந்தக் கணக்கைத் தொழிற்சங்கத்தின் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்; கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொடுங்கள்.