மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

(பிளஸ் டூ மாணவர்களுக்கான கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

"மனுப் போட்டால் கிடைக்குமா பாய்?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

இந்தியா முழுவதற்கும் ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேருக்குக் கொடுக்கிறார்கள். அதில் பாதி பெண்பிள்ளைகளுக்கு. இளங்கலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். இப்போதைய விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாநிலவாரியாகப் பிரித்து, அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு 3:2:1 என்று பங்கிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதுவோர் ஏறத்தாழ 8 லட்சம். நமக்கு வரும் இடங்களோ சில ஆயிரம்தான்.

தகுதி 80 பர்சன்டைல். இதை 80 சதவீத மதிப்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பிரிவில் தேர்ச்சி பெற்ற 100 பேரில் முதல் 20 பேருக்குள் வர வேண்டும் என்பதே பொருள். அந்த 20 பேருக்கும் கிடைத்துவிடாது. மதிப்பெண் வரிசைப்படி இடம் தீரும்வரைதான் கொடுப்பார்கள். ஆகவே 80 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் கிடைக்காமல் போகலாம். அது பிள்ளையின் குறையல்ல.

"நம்ம பேரைப் பார்த்தா கொடுப்பாங்களா?" என்று மனுவே போடாமல் இருப்போரும் உண்டு. போடாத மனு எந்தப் பட்டியலிலும் வராது. அதே பெயரில் வேறொரு சிக்கல் இருக்கிறது. முஹம்மது என்ற பெயரை ஆதாரில் ஒரு விதமாகவும், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்போம். பீவி, பேகம் ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையின் மனுவும் இதனால் சிக்கிக்கொள்ளக்கூடும். ரிசல்ட் வரும்வரை காத்திராமல் இப்போதே சரிசெய்யுங்கள். வருமானச் சான்றிதழை வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கில் ஆதாரை இணையுங்கள். மனுவைக் கல்லூரி சரிபார்த்து அனுப்பியதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதானே தவக்குல்?

கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். 12,000 ரூபாய் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் உதவும். தனியார் கல்லூரிக் கட்டணத்துக்குக் காணாது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அது வரவில்லை என்பதற்காக மகளின் படிப்பை நிறுத்திவிடவும் வேண்டாம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்குப் போட்டி இல்லை. கிடைப்பது உறுதி என்று தெரிந்ததை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். போட்டியில் வருவது வந்தால், அல்ஹம்துலில்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.