பர்னார்டோ இல்லமும் கப்பலேறிய பிள்ளைகளும்



லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் தோன்றிய ஒரு பிள்ளைகள் இல்லத்தின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

டப்ளினில் பிறந்த தாமஸ் பர்னார்டோ, மருத்துவம் பயில 1866-இல் லண்டன் வந்தார். அந்த ஆண்டுதான் காலரா அங்குள்ள ஏழைகளை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் தெருவில் நின்றனர். கூரைகளின் மேல் படுத்துறங்கினர். 1867-இல் அவர்களுக்கு ஒரு பள்ளியும், 1870-இல் ஸ்டெப்னியில் சிறுவர் இல்லமும் திறந்தார்.

ஒருநாள் இடமில்லை என்று ஜான் சோமர்ஸ் என்ற 11 வயதுச் சிறுவனைத் திருப்பி அனுப்பிவிட்டனர். இரண்டு நாள் கழித்துக் குளிரிலும் பசியிலும் அவன் செத்துக் கிடந்தான். அதன் பிறகு, ஆதரவற்ற எந்தப் பிள்ளைக்கும் இங்கே இடம் மறுக்கப்படாது என்ற பலகை அந்த வாசலில் ஏறியது.

பெரிய கொட்டகையில் அடைத்து வளர்ப்பது பிள்ளைக்கு நல்லதல்ல என்பதையும் அவர் கண்டார். 1876-இல் பார்க்கிங்சைடில் பெண் பிள்ளைகளுக்குச் சிறு சிறு வீடுகள் கொண்ட கிராமம் எழுந்தது. வீட்டுக்கொரு 'தாய்' இருந்தார். பின்னர் நாட்டுப்புறக் குடும்பங்களிடம் செலவுப் பணம் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்க விட்டார்கள். போய்ப் பார்த்துவர ஆட்களையும் அமர்த்தினார்கள். 1905-இல் பர்னார்டோ இறந்தபோது 4,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்படி வளர்ந்து வந்தனர்.

இதுவரை கேட்டதற்கு நாம் கைதட்டலாம். இனிச் சொல்வதற்குத் தட்ட முடியாது.

1882 முதல் ஏறத்தாழ 30,000 பிள்ளைகளை அந்த இல்லம் கனடாவுக்குக் கப்பலேற்றியது. அநாதைகள் என்று பேர். பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர். அவர்களைப் பிரித்தது சாவு அல்ல, வறுமை! கூலி கட்டாத வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஏது? கனடாவில் பையன்கள் பண்ணை வேலைக்கும் பெண்கள் வீட்டு வேலைக்கும் போனார்கள். அன்பாக நடத்தியவர்களும் உண்டு. மலிவான வேலையாளாக மட்டும் கண்டவர்களும் உண்டு.

இதைக் கேள்வி கேட்டவர்களில் நம் இனத்தாள் ஒருத்தி உண்டு. தொழிற்சங்க இனத்தைச் சொல்கிறோம். கடைச் சிப்பந்திகள் சங்கத்தில் வளர்ந்த மார்கரெட் பாண்ட்பீல்ட் அம்மையார், 1924-இல் தூதுக்குழுவோடு கனடா சென்று நேரில் பார்த்தார். பள்ளி வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாகாது என்று அறிக்கை கொடுத்தார். 1925-இல், பெற்றோர் துணையின்றி 14 வயதுக்குட்பட்டவர்கள் வருவதைக் கனடா தடுத்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போவது மட்டும் 1960-களிலும் நிற்கவில்லை.

2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், கடல் கடந்து அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க உயிரோடிருந்தவர்கள் அப்போது கிழவர்களும் கிழவிகளும். பர்னார்டோ நிறுவனம் பழைய பெரிய இல்லங்களை மூடிவிட்டு, இன்று பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடித் தருகிறது.